டேங்கர் தண்ணீரும் ஒரு பிளாட்டினக் கம்பியும்

நல்ல செய்தி கைக்கு வந்தால் அதைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கத் தெரியாத குடும்பம் எங்களுடையது. கெட்ட செய்தி என்றால் மாதக்கணக்கில் மூடி வைப்போம். (பெரியப்பாவின் ஸ்கூட்டர் திருடு போன விஷயம், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து முடிந்த பிறகுதான் பெரியப்பாவுக்குத் தெரிந்தது.) நல்ல செய்தி மட்டும் வாய்க்குள் நிற்காது. அது நிஜந்தானா என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கும் பொறுமையும் கிடையாது. இந்த வியாதி எனக்கு நைனாவிடமிருந்து வந்தது. நைனாவின் கதையைச் சொன்னால்தான் என் கதை புரியும்.

நைனாவுக்கு போர்வெல் வண்டி. ஆந்திர எல்லையோரம் நகரியில் எங்கள் வீட்டு வாசலில் எந்நேரமும் ஒரு லாரி, ஒரு கம்ப்ரஸர், அதன் பக்கத்தில் ஒரு தண்ணீர் டேங்கர் நின்றுகொண்டிருக்கும். கல்யாணமான புதிதில், பிச்சாட்டூரில் மாமியார் வீட்டு நிலத்துக்கு அவரே போர் போட்டார். மாப்பிள்ளை கைராசியைப் பார்க்க ஊரே கூடி நின்றது. துளை போடும்போது தூசு அடங்குவதற்காக டேங்கரிலிருந்து தண்ணீரை உள்ளே விடுவார்கள். அன்றைக்கு விட்ட தண்ணீரெல்லாம் ஏதோ பாறை இடுக்கில் போய்ப் பதுங்கிவிட்டது. பிறகு கம்ப்ரஸர் காற்று அதை மொத்தமாகத் தள்ள, பனைமர உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. நைனா தேங்காய் உடைத்தார். சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஆட ஆரம்பித்தார். ஆட்டம் முடிவதற்குள் தண்ணீர் முடிந்துவிட்டது.

இந்தக் கதையை அம்மா கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எந்த விசேஷத்தையும் விடாமல் சொல்வாள். "அத்தினியும் டேங்கர் தண்ணி! இவரு ஊத்துத் தண்ணின்னு நெனச்சி ஆடிக்கினு கீறாரு!" என்று அவள் முடிக்கும்போது, முன்னூறு தடவை கேட்டவர்களும் சிரிப்பார்கள். நான் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரிப்பேன். படித்த பெண் அல்லவா, எனக்கெல்லாம் இப்படி நடக்காது என்ற நினைப்பு.

அந்தப் படித்த பெண் திருப்பதியில் வேதியியலில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். தலைப்பு, பிளாட்டினத்துக்கு மாற்று.

விஷயம் எளிதுதான். தண்ணீருக்குள் இரண்டு மின்முனைகளை வைத்து மின்சாரம் செலுத்தினால் ஒரு முனையில் ஹைட்ரஜன் குமிழ் குமிழாக வரும். அந்த ஹைட்ரஜன் புகையில்லாத எரிபொருள். ஆனால் அது சுலபமாக வர வேண்டுமென்றால் அந்த முனையில் ஒரு வினையூக்கி வேண்டும். அந்த வேலையில் பிளாட்டினத்தை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நகைக்கடைக்காரரே கண்ணாடிப் பெட்டியின் உள் அடுக்கில் வைக்கிற பொருளை வைத்து ஊருக்கெல்லாம் எரிபொருள் தயாரிக்க முடியுமா? அதனால் உலகத்தில் பலரும் டங்ஸ்டன், மாலிப்டினம் மாதிரி உலோகங்களைக் கார்பனோடு சேர்த்து கார்பைடு செய்து பார்க்கிறார்கள். அப்படிச் சேர்ந்துவிட்டால் சில விஷயங்களில் அவை பிளாட்டினத்தைப்போலவே நடந்துகொள்கின்றன. நான் எடுத்தது டங்ஸ்டன் கார்பைடு.

இதை வீட்டில் சொன்னதும் நைனா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"கார்பைடா? நம்ம போர் பிட்டுல பட்டன் பட்டனா கீதே, அதா?"

"அதேதான் நைனா. ஆனா நான் பொடியா செய்யப்போறேன்."

"இன்னாத்துக்கு செய்யணும்? தேஞ்ச பிட்டு மூட்டையா கீது, எட்த்துக்கினு போ!"

போர் பிட்டின் முனையில் பாறையைக் கடிக்கிற பற்கள் டங்ஸ்டன் கார்பைடுதான். அதில் கோபால்ட்டும் கலந்திருக்கும், என் வேலைக்கு ஆகாது. சொன்னால் கேட்கிற ஆளா? அடுத்த தடவை திருப்பதிக்கு வந்தபோது ஒரு தேய்ந்த பிட்டைத் தோளில் தூக்கி வந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். தாள் பறக்காமலிருக்க அதைவிடக் கனமான பொருள் எங்கள் துறையிலேயே கிடையாது.

பிச்சாட்டூர் தாமோதரம் மாமாவுக்குத்தான் வினையூக்கி என்றால் என்னவென்று சந்தேகம். அம்மாவின் தம்பி. எம்.ஆர்.ஓ. (தாசில்தார்) ஆபீசில் யாருக்கு எந்தச் சான்றிதழ் வேண்டுமென்றாலும் கூடவே போய் நின்று முடித்துக் கொடுப்பவர். அடர்த்தியான தலைமுடி, வாரம் தவறாமல் சாயம், சட்டைப்பையில் சீப்பு.

"வேலை நடக்கறதுக்கு உதவி பண்ணும் மாமா, ஆனா தான் மட்டும் செலவாகாம அப்படியே இருக்கும்" என்றேன்.

மாமா சீப்பை எடுத்து ஒருமுறை வாரிக்கொண்டார். "என்னிய மாதிரின்னு சொல்லேன் பாப்பா."

அன்றிலிருந்து கார்பைடும் அவரும் பங்காளிகள்.

இரண்டு வருடம் ஓடியது. எனக்கு எதுவும் ஓடவில்லை. செய்த பொடியில் பாதி கருகியது, மீதி மின்முனையில் ஒட்ட மறுத்தது. இரண்டாம் வருட முடிவில் ஆய்வுக் குழு கூடும். வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வருவார். அவர்கள் 'தொடரலாம்' என்றால் உதவித்தொகையும் உண்டு, ஆராய்ச்சியும் உண்டு. இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு நகரிக்குப் போய், டேங்கருக்குப் பக்கத்தில் நானும் நிற்க வேண்டியதுதான். எனக்கு அந்த ஆய்வகத்தை விட்டுப் போக மனசே இல்லை. அங்கே இருந்த உலை, புட்டிகள், நாறுகிற அமிலம் எல்லாமே எனக்குப் பிடித்திருந்தது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அதிசயம் நடந்தது. ஒரு பொடி ஒழுங்காக வந்தது. மின்முனையில் பூசி, அமிலக் கரைசலில் வைத்து ஓட்டினேன். முதல் நாள் சுமார். மறுநாள் கொஞ்சம் தேவலை. ஒரு வாரம் போனதும் குமிழ்கள் பொங்க ஆரம்பித்தன. இன்னும் கொஞ்ச நாளில் பிளாட்டினத்துக்குச் சமமாக வந்து நின்றது!

உலகத்தில் எந்த வினையூக்கியும் வேலை செய்யச் செய்யக் களைத்துப்போகும். என்னுடையது மட்டும் நாளுக்கு நாள் வாலிபமானது. கொஞ்சம் மூளை உள்ளவள் இந்த இடத்தில் பயந்திருப்பாள். நான் அதற்குப் பெயர் வைத்தேன். 'கார்பைடு விழித்தெழுகிறது' என்று தலைப்பிட்டு, பின்னால் சூரியன் உதிக்கிற படம் போட்டு ஒரு ஸ்லைடே செய்துவிட்டேன்.

என் கைடு நிதானமான மனிதர், தெலுங்குக்காரர். படத்தைப் பார்த்துவிட்டு, "பாக உந்தம்மா, மள்ளி செய்யி" என்றார். நன்றாயிருக்கிறது, மறுபடி செய். மறுபடி செய்தேன். அதே புட்டி, அதே கம்பி, அதே அதிசயம்.

வீட்டுக்கு போன் போட்டேன். "நைனா, பிளாட்டினத்த ஜெயிச்சாச்சு!"

அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உடைகிற சத்தம். பிறகு நைனாவின் குரல் தழுதழுத்தது. "அம்மா சுகுணா, உன் கார்பைடு வேலை செஞ்சா முடி எறக்கறேன்னு ஏழுமலையானுக்கு வேண்டிக்கினு கீறேன்மா. ஊட்டு ஆம்பளைங்க அத்தினி பேரையும், தாமோதரத்தையும் சேத்து வேண்டிட்டேன்."

"மாமாவக் கேட்டியா நைனா?"

"கேட்டா ஒத்துக்க மாட்டான்னுதான் கேக்கல."

(மாமா இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் வேண்டுதல் என்று வந்த பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் பின்வாங்க மாட்டார்கள். பங்காளி கார்பைடுக்காக ஒப்புக்கொண்டார்.)

ஆய்வுக் குழு கூடும் நாளுக்கு எல்லோரும் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். முதலில் மலை ஏறி வேண்டுதலை முடித்துவிட்டு, கீழே இறங்கி நேராகத் துறையின் கருத்தரங்கு அறைக்கு வந்து சேர்ந்தார்கள். பொதுவாக அந்த அறையில் தூங்கிக்கொண்டிருக்கும் நாலு மாணவர்களுக்கு மேல் ஆள் இருக்காது. அன்றைக்கு இரண்டு வரிசை முழுக்க எங்கள் குடும்பம். நைனா, பெரியப்பா, சித்தப்பாக்கள் எல்லோரும் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிப் பளபளவென்று உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தாமோதரம் மாமா. அவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. பழக்கதோஷத்தில் சீப்பை எடுப்பதும், தலையில் வைப்பதும், திரும்பப் பையில் போடுவதுமாக இருந்தார். அம்மா நுனியில் கொஞ்சம் கத்தரித்துப் பூ முடி மட்டும் கொடுத்திருந்தாள். மடியில் லட்டுப் பை.

வெளியூர் நிபுணர் சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியை. ஒல்லியான உருவம், மெல்லிய குரல். என்னைப் பார்த்ததும் லேசாகப் புருவத்தைத் தூக்கினார்.

"உன்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கேம்மா."

"இல்லையே மேடம்."

"ஊத்துக்கோட்டை வழியாத்தான் கார்ல வந்தேன். பிச்சாட்டூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு பெரிய பேனர்…"

நான் மெதுவாகத் திரும்பி மாமாவைப் பார்த்தேன். மாமா பெருமையோடு கைகூப்பினார்.

அந்தப் பேனரை நான் மறுநாள்தான் நேரில் பார்த்தேன். தெலுங்கிலும் தமிழிலும் இரண்டு வரி. 'பிளாட்டினத்தைத் தோற்கடித்த பிச்சாட்டூர் பேத்தியே வருக!' ஒரு பிளாட்டின மோதிரம், அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. யாரோ சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து என்னை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தார்கள், தலை நிறையப் பூவோடு. என் படத்தைவிடப் பெரிதாகக் கூப்பிய கையோடு மாமா. அதில் அவருக்கு முடி இருந்தது.

பேச ஆரம்பித்தேன். சூரியன் உதித்தது. கார்பைடு விழித்தெழுந்தது. கடைசியில் செயல்விளக்கம். என் குடும்பத்துக்கும் தெரியட்டும் என்று, போன் கேமராவைப் புட்டிக்கு நேராக வைத்துப் படத்தைச் சுவரில் பெரிதாக விழ வைத்திருந்தேன். முதலில் பக்கத்துத் துறையில் இரவல் வாங்கிய பிளாட்டின மின்முனை, குமிழ்கள். பிறகு என்னுடைய பழைய, நன்றாக விழித்தெழுந்த கார்பைடு மின்முனை. அதேபோலக் குமிழ்கள் பொங்கின.

போர் தண்ணீரை எங்கள் பக்கம் இஞ்சுக் கணக்கில்தான் சொல்வார்கள். இரண்டாவது வரிசையிலிருந்து நைனா எழுந்து நின்று அறிவித்தார்.

"ரெண்டு இஞ்சு வர்து!"

கைதட்டல். தூங்கிக்கொண்டிருந்த மாணவர்கள்கூட எழுந்து தட்டினார்கள். அம்மா லட்டுப் பையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். நான் என் வாழ்க்கையின் உச்சியில் நின்றிருந்தேன்.

சென்னை மேடம் கைதட்டி முடித்துவிட்டு, அதே மெல்லிய குரலில் கேட்டார்.

"நல்லா இருக்கும்மா. எதிர்ப்பக்கம் இருக்கற மின்முனை எது?"

சுற்று முழுமையாக எதிரில் இன்னொரு முனை வேண்டுமல்லவா, அதைத்தான் கேட்கிறார். இது ஒரு கேள்வியா என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். "பிளாட்டினக் கம்பி, மேடம்." அது எங்கள் ஆய்வகத்தின் ஒரே பிளாட்டினக் கம்பி. கைடு அதை பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்துக்கொள்வார். அதையே பயன்படுத்துகிறோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"முதல் நாள்லேர்ந்து அதேதானா?"

"ஆமா மேடம்."

"கரைசல் அமிலம்."

"ஆமா மே…"

அந்த 'மேடம்' முடியவில்லை. என் உள்ளங்கால் குளிர்ந்துபோனது. அமிலத்தில், அந்த மின் அழுத்தத்தில், பிளாட்டினம் துளித் துளியாகக் கரையும். கரைந்தது சும்மா இருக்காது. நீந்திப் போய் எதிர்முனையில் உட்காரும். எதிர்முனை என்பது என் கார்பைடு. எம்.எஸ்சி. இரண்டாம் வருடத்தில் நானே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாடம் அது.

கைடு என்னைக் காப்பாற்றப் பார்த்தார். அடுத்த கூட்டத்துக்குள் வேறு முனை வைத்துச் சரிபார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தார். அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"வேண்டாம் சார், இப்பவே பாக்கலாம். கிராஃபைட் கம்பி இருக்கு. புது கார்பைடு மின்முனையும் ஒண்ணு ரெடியா இருக்கு."

உண்மையைத் தேடுகிற விஞ்ஞானியின் துணிச்சல் என்று யாராவது நினைத்தால் அது தவறு. உள்ளங்கால் குளிர்ந்த பிறகும், எப்படியும் என் கார்பைடு ஜெயித்துவிடும் என்கிற திமிர் எனக்குப் போகவில்லை. முடி இறக்கியாயிற்று, பேனர் கட்டியாயிற்று, இனிமேல் அது எப்படித் தோற்கும்?

புட்டியைக் கழுவினேன். புதுக் கரைசல். பிளாட்டினக் கம்பி இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கிராஃபைட் கம்பி, வெறும் கார்பன். எதிரில் பிளாட்டினத்தின் நிழல்கூடப் படாத கார்பைடு. ஸ்விட்சைப் போட்டேன்.

சுவரில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு குமிழ் வந்தது. அது வெகுநேரம் யோசித்துவிட்டு மேலே போனது. பின்னாலேயே இன்னொன்று. ஓரமாக ஒரு சின்னக் கூட்டம். அவ்வளவுதான்.

நைனா மெதுவாக எழுந்தார். தொழில் தர்மம், பார்த்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அரை இஞ்சு" என்றார். கொஞ்சம் யோசித்து, "அதுவும் இருக்காது" என்று சேர்த்துக்கொண்டார்.

சுவரில் தெரிந்த அந்த நாலு குமிழையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. போச்சு. ஆராய்ச்சி போச்சு, ஆய்வகம் போச்சு. இவ்வளவு தலைமுடியும் போச்சு. நான் வாய் திறந்து, எங்கள் வீட்டுக்காரர்கள் பக்கம் பார்க்காமல், என்ன நடந்தது என்று குழுவுக்குச் சொன்னேன். இத்தனை நாள் குமிழ் விட்டது என் கார்பைடு அல்ல. அதன்மேல் வந்து ஒட்டிய பிளாட்டினம். அதைக் கரைத்துக் கொடுத்ததும் நான்தான்.

இரண்டாவது வரிசையில் அம்மா இதைத் தனக்குத் தெரிந்த வழியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

"அப்பிடின்னா… இது டேங்கர் தண்ணிதானே?"

பெரியப்பா வாயைப் பொத்தினார். சித்தப்பாக்கள் தோள் குலுங்கினார்கள். மொட்டைகளெல்லாம் ஒன்றாக ஆடின.

"டேங்கர் தண்ணின்னா என்ன?" என்று சென்னை மேடம் கேட்டார்.

நான் தலையசைத்து வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினேன். ஆனால் நைனா முன்னால் வந்துவிட்டார். தன் மானம் போன கதையைத் தானே, பிச்சாட்டூர் நிலத்திலிருந்து ஆரம்பித்து, தேங்காய், சட்டை, ஆட்டம் எதையும் விடாமல் சொன்னார். ஆட்டத்தைக் கொஞ்சம் ஆடியும் காட்டினார். அதுவரை அம்மா சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன். அவர் வாயால் கேட்டது அன்றுதான். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"இத்தினி வர்சமா நான் ஒருத்தனே மாட்டிக்கினு கெடந்தேன். இப்ப தொணைக்கு நீயும் வந்துட்ட!"

ஆறுதல் சொல்கிற முகம் இல்லை அது. நிஜமாகவே சந்தோஷப்பட்ட முகம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, மூக்கு வழியாக ஏதோ ஒரு சத்தமாக வெளியே போனது. சென்னை மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து அவருக்கும் கண்ணீர். கைடு மட்டும் பிளாட்டினக் கம்பியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிளாட்டினம் மிச்சம் பண்ண வந்த பொண்ணு, இருந்த பிளாட்டினத்தையும் கரைச்சிட்டா" என்று தெலுங்கில் முனகினார். (கண்ணுக்கே தெரியாத அளவுதான் கரைந்திருக்கும். இருந்தாலும் அவர் இன்றுவரை அதை மன்னிக்கவில்லை.)

சிரிப்பு அடங்கியதும் நான் ஸ்விட்சை அணைக்கப் போனேன். மேடம் தடுத்தார்.

"அணைக்காதே. ஓடட்டும். நாம சாப்பிட்டுட்டு வந்து பார்ப்போம்."

மலையிலிருந்து வந்த லட்டும் புளியோதரையும் தொன்னைகளில் சுற்றி வந்தன. மேடத்துக்குப் பக்கத்தில் மாமா போய் உட்கார்ந்து, தானும் ஒரு வினையூக்கிதான் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நைனா ஒரு கவளம்கூடத் தின்னவில்லை. புட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் தொன்னையோடு பக்கத்தில் போய் நின்றேன்.

"துன்னு நைனா."

"இரும்மா. நின்னுடுமோன்னு பாத்துக்கினு கீறேன்."

நிற்கவில்லை. நாங்கள் எல்லோரும் கை கழுவிவிட்டு வந்தபோதும் அதே நாலு குமிழ். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேடம் குனிந்து அதையும் திரையிலிருந்த மின்னோட்ட அளவையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"பிளாட்டினம் அளவுக்கு இல்லைதான். ஆனா இது கார்பைடோட சொந்தச் சம்பாத்தியம். அமிலத்துல அசையாம நிக்குது. இதைக் கூட்ட வழி இருக்கா?"

எனக்கு வழி தெரிந்திருந்தது. துகளை இன்னும் சின்னதாகச் செய்யலாம், மேலே படிந்த வேண்டாத கரியை நீக்கலாம், வேறொரு உலோகத்தைக் கொஞ்சம் கலந்து பார்க்கலாம். பெரிய அதிசயம் கையில் இருந்ததால் இவற்றையெல்லாம் நான் தொடவே இல்லை. மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். சூரியன் உதித்த ஸ்லைடைக் காட்டியபோது பேசியதைவிட அந்தப் பத்து நிமிடம் நான் நன்றாகப் பேசினேன் என்று கைடு பிறகு சொன்னார்.

குழு உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தது. தொடரலாம். ஆனால் எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து, கிராஃபைட் கம்பியோடு.

அம்மா மேடம் கையில் இரண்டு லட்டை வைத்தாள். மாமா ஓரமாக நின்று வெற்றுத் தலையைத் தடவியபடி நைனாவிடம் கேட்டார்.

"மாமா, அரை இஞ்சுக்கு அரை மொட்டை போட்டிருந்தா போதாதா?"

மறுநாளே பேனரைக் கழற்றச் சொன்னேன். காசு கொடுத்து அடித்ததைக் கழற்றுவதா என்று மாமா மறுத்துவிட்டார். ஆனால் பொய்யும் நிற்கக் கூடாது. அதனால் ஒரு பட்டை அடித்து வந்து 'தோற்கடித்த' என்ற வார்த்தைமேல் ஒட்டினார். இப்போது, 'பிளாட்டினத்தைத் தோற்கடிக்கப்போகும் பிச்சாட்டூர் பேத்தியே வருக!' தெலுங்கு வரிக்குப் பட்டை அடிக்க மறந்துவிட்டார். அதனால் அந்த வருட மழைக்காலம் வரைக்கும் பிச்சாட்டூரில் நான் தமிழில் முயன்றுகொண்டும் தெலுங்கில் ஜெயித்துக்கொண்டும் இருந்தேன்.

மாமாவின் முடி மறுபடி முளைத்தபோது மொத்தமும் வெள்ளையாக வந்தது. உள்ளே எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கும், சாயந்தான் மறைத்திருந்தது. அவர் அதை ஒப்புக்கொள்வதில்லை. "எல்லாம் அந்த பிளாட்டினம் பண்ண வேலை" என்பார். ஆனால் சாயம் அடிப்பதை விட்டுவிட்டார். வெள்ளை முடியில் எம்.ஆர்.ஓ. ஆபீசில் மரியாதை கூடியிருப்பதாகக் கேள்வி.

எனக்கு நடந்தது இன்னும் மோசம். விசேஷங்களில் அம்மா இப்போது இரண்டு கதைகளைச் சொல்கிறாள். முதலில் நைனா, பிறகு நான். அதோடு, எங்கள் வீட்டில் யார் என்ன நல்ல செய்தி சொன்னாலும் எதிரில் இருப்பவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றேதான். தம்பிக்கு வேலை கிடைத்தபோது கேட்டார்கள். சித்தி மகளுக்கு வரன் அமைந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே கேட்டார்கள். டேங்கரா, ஊத்தா?

போன மாதம் நான் வீட்டுக்கு போன் போட்டேன். ஒரு சின்ன ஹைட்ரஜன் கலம். ஒரு பக்கம் என் கார்பைடு. எதிர்ப்பக்கம் கார்பன். அறையில் மருந்துக்குக்கூட பிளாட்டினம் இல்லை. (கைடு தன் கம்பியை எனக்குப் பயந்து வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்.) வாரக்கணக்கில் ஓடியும் குறையவில்லை. பிளாட்டினத்தை இன்னும் ஜெயிக்கவில்லைதான், ஆனால் அதன் முதுகு தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டது. கழுவி, மாற்றி, வேறொரு ஊர் ஆய்வகத்துக்கும் அனுப்பிச் சோதித்துவிட்டு, வாயை இறுக்கமாக மூடிக்கொண்டு காத்திருந்து, பிறகுதான் சொன்னேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். அம்மாதான் கேட்டாள்.

"டேங்கரா, ஊத்தா?"

"ஊத்தும்மா" என்றேன். "ஊத்துதான்."

அந்தப் பக்கம் நைனாவின் மூக்குறிஞ்சுகிற சத்தம்.

"எத்தினி இஞ்சும்மா?"

"ஒண்ணரை வரும் நைனா."

"அப்பன்னா வர்ற சனிக்கெழம மலைக்குப் போய்…" என்று அவர் ஆரம்பிப்பதற்குள், பின்னாலிருந்து தாமோதரம் மாமா அலறுவது தெளிவாகக் கேட்டது.

"இன்னும் ஒரு வர்சம் ஓடட்டும் மாமா! ஓடட்டும்!"